தொழிலுக்கு முதல்: கடனா, பங்கா?

நம் குடும்பங்களில் ஒருவர் தொழில் தொடங்க முனைந்தால், "முதலுக்கு எங்கே போவது?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. தந்தையின் சேமிப்பு, தாயாரின் நகை, வெளிநாட்டிலிருக்கும் மச்சானின் சம்பளம் எல்லாம் ஒன்று சேர்கின்றன. ஆனால் அப்பணம் கடனாக வந்ததா, பங்காக வந்ததா என்று கேட்பார் அரிது. பின்னர் லாபம் வந்தாலும் பிணக்கு, நஷ்டம் வந்தாலும் பிணக்கு என்றாகி, உறவே முறிந்து போகிறது. ஆகவே ஒரு தொழில் எந்தப் பருவத்தில் எவ்வகைப் பணத்தை நாடுகிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. உலகறிந்த ஆப்பிள் கம்பெனியின் வரலாற்றையே இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

முதற் பருவம்: கைமுதலும் தவணையும்

1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக், ரொனால்ட் வேய்ன் ஆகிய மூவரும் கூட்டாக இத்தொழிலைத் தொடங்கினர். ஜாப்ஸ் தம் வேனையும், வாஸ்னியாக் தம் கணக்கிடும் கருவியையும் விற்றுக் கைமுதல் சேர்த்தனர். புதுத் தொழிலுக்கு முன்கணக்கு இல்லை. ஈடு வைக்கச் சொத்தும் இல்லை. எனவே இப்பருவத்தில் சொந்தப் பணத்தையும், நம்மை நேரில் அறிந்தவர் பணத்தையும் தவிர வேறு வழியில்லை.

பிறகு ஒரு கடைக்காரர் 50 கம்ப்யூட்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்றுக்கு 500 டாலர். சரக்கு வந்ததும் ரொக்கம் தருவதாகப் பேச்சு. அந்த ஆர்டரைக் காட்டி, உதிரிப் பாகங்களை 30 நாள் தவணையில் வாங்கினர். தவணைக்குள் சரக்கைச் செய்து கொடுத்துக் கடனை அடைத்தனர். சிறு தொழிலுக்கு நாணயமே பெரிய முதல் என்பதற்கு இது சான்று.

ஆனால் மூன்றாமவரான வேய்ன் 12 நாட்களிலேயே விலகிக் கொண்டார். காரணம் கவனிக்கத்தக்கது. சாதாரணக் கூட்டுத் தொழிலில் கடன் ஏற்பட்டால், பங்காளி தம் சொந்தச் சொத்திலிருந்தும் அடைக்க வேண்டும். மற்ற இருவரிடமும் சொத்தில்லை, அவரிடமோ இருந்தது. பதிவு செய்த லிமிடெட் கம்பெனியில் நிலைமை வேறு. அங்கே பங்குதாரர், பொதுவாகத் தாம் போட்ட பணத்தை மட்டுமே இழக்க நேரும்.

இரண்டாம் பருவம்: தொழிலறிந்த பங்காளி

1977 ஜனவரியில் ஆப்பிள் பதிவு பெற்ற கம்பெனியாயிற்று. மைக் மார்க்குலா என்பவர் பங்காகவும் கடன் பொறுப்பாகவும் இரண்டரை லட்சம் டாலர் வரை பணத்திற்கு வழி செய்து பங்காளியானார். அவர் பணத்தோடு அனுபவத்தையும் கொண்டு வந்தார். 1978-இல், வளரும் தொழில்களில் பங்குக்குப் பணம் போடும் நிறுவனங்கள் சேர்ந்தன. இவர்கள் வட்டி கேட்பதில்லை. பத்தில் பல தொழில் நொடித்தாலும் ஒன்று ஓங்கினால் போதும் என்று துணிந்து நஷ்டத்தையும் ஏற்பவர்கள்.

மூன்றாம் பருவம்: பொதுமக்கள் பணம்

1980 டிசம்பர் 12-இல் 46 லட்சம் பங்குகள், ஒன்று 22 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பத்து கோடி டாலருக்கு மேல் திரண்டது. இனி பணம் போடுவோர் முதலாளியை நேரில் அறியாதவர்கள். கணக்கைப் பார்த்தே நம்புகிறவர்கள். ஆகவே கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுவது கடமையாயிற்று.

பங்கு விற்பதற்கும் ஒரு விலை உண்டு. பங்கு கைமாறும்போது அதிகாரமும் கைமாறுகிறது. 1985-இல் இயக்குநர் குழு தமக்கு எதிராக நின்றதால், ஜாப்ஸ் தாம் தொடங்கிய கம்பெனியை விட்டே வெளியேற நேர்ந்தது.

நான்காம் பருவம்: லாபமும் பத்திரமும்

முதிர்ந்த கம்பெனிக்குத் தன் லாபமே முதலாகிறது. கடன் கொடுப்போரும் தேடி வருகின்றனர். 2013-இல் ஆப்பிள் 1,700 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. தேவையுள்ள சிறியவனுக்குக் கிடைக்காத கடன், பணம் குவிந்தவனுக்கு எளிதில் கிடைப்பது உலக வழக்கம்.

நாம் பெறும் பாடம்

தொழிலுக்கு வரும் வெளிப்பணம் அடிப்படையில் இருவகையே. கடனை லாபமானாலும் நஷ்டமானாலும் திருப்பித் தர வேண்டும். பங்கோ லாபத்திலும் நஷ்டத்திலும் கூட வருவது. கடன் கொடுத்து அதற்கு மேல் பெறும் வட்டி நமக்கு விலக்கப்பட்டது. கூட்டு வாணிபமோ அனுமதிக்கப்பட்டது. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தருவது முளாரபா. இருவரும் முதல் போடுவது முஷாரகா. முளாரபாவில் லாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிக்க வேண்டும். உழைப்பவரின் கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாதபோது பண நஷ்டம் முதல் போட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். "லட்சத்துக்கு மாதம் இவ்வளவு" என்று நஷ்டத்தைக் கருதாமல் உறுதி பேசினால், அதற்கு லாபம் என்று பெயர் வைத்தாலும் அது பங்காகாது.

தாயாரின் நகையை வாங்குமுன் மகன் இதை வெளிப்படையாகப் பேசட்டும். கடன் என்றால் தொகையையும் தவணையையும் எழுதுக. பங்கு என்றால் விகிதத்தையும் எழுதி, ஆண்டுதோறும் கணக்குக் காட்டுக. தவணைக் கடனை எழுதி, சாட்சி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. உறவினரிடம் எழுத்துக் கேட்பது அவநம்பிக்கையாகாது; அந்த உறவைக் காக்கும் வேலியே அது.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.