வெண்மை ஒன்று, அயனிகள் மூன்று

நிறமற்ற கரைசல் ஒன்று தரப்படுகிறது. அதில் இருப்பது வெள்ளியா, காரீயமா, மெர்குரஸ் அயனியா, அன்றி இவற்றின் கலவையா எனக் கண்ணால் கண்டு கூற இயலாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் மூன்றுமே வெண்ணிறக் குளோரைடாக வீழ்படிகின்றன. வெண்மையைக் கண்டவுடன் 'வெள்ளி' என எழுதிவிடும் மாணவர் பலர்.

வீழ்படிவை வடிகட்டி, அதன்மீது கொதிநீர் ஊற்றுக. காரீயக் குளோரைடு மட்டும் கரைந்து இறங்கும். 100 மில்லிலிட்டர் நீரில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1 கிராமே கரையும் இவ்வுப்பு, கொதிநீரில் 3 கிராமுக்கு மேல் கரைகிறது. வடிநீரில் பொட்டாசியம் குரோமேட் சேர்க்க, மஞ்சள் வீழ்படிவு தோன்றினால் காரீயம் உறுதி. எஞ்சியதன்மீது அம்மோனியாக் கரைசலை விடுக. வெள்ளிக் குளோரைடு அணைவு அயனியாகிக் கரையும். அவ்வடிநீரை நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கினால் வெண்மை மீளும். மெர்குரஸ் குளோரைடோ வடிதாளிலேயே கறுக்கும். நுண்துகளாகப் பிரிந்த பாதரசமே அக்கருமைக்குக் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிர்நீரிலும் காரீயக் குளோரைடு ஓரளவு கரைவதால், செறிவு குறைந்த கரைசலில் காரீயம் இருந்தும் வீழ்படிவு தோன்றாமல் போகலாம். உடனே 'இல்லை' என எழுதலாகாது. சிறிதளவிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. ஆதலின் இரண்டாம் தொகுதியிலும், அமில ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தி அதனைத் தேடுகிறோம். கருநிறச் சல்பைடு தாமிரத்திற்கும் உண்டு. எனவே அதனை நீர்த்த சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சல்பூரிக் அமிலம் சேர்த்து, வெண்ணிறச் சல்பேட்டாக வீழ்படிகிறதா எனக் காண்க.