பாஸ் பழகும் கைகளுக்கு

சீட்டு மேஜிக் பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ‘பாஸ்’ பைத்தியம் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, இன்னும் விடவில்லை. பார்வையாளர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் நடுவில் வைக்கிறார். அதற்கு மேலே சுண்டுவிரல் நுனியை நுழைத்துப் பிடித்துக்கொள்கிறோம். இதுதான் ‘பிரேக்’. அடுத்த நொடியில் மேல்பாதி அடிக்கும் அடிப்பாதி மேலுக்கும் போய்விட வேண்டும். அவருடைய சீட்டு உச்சிக்கு வந்துவிடும், கட்டை யாரும் வெட்டியதாகவே தெரியாது.

சொல்வது சுலபம். வலது கை அடிப்பாதியின் இரு முனைகளையும் பிடித்திருக்கும். மேல்பாதி இடது கைச் சுண்டுவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே சிக்கியிருக்கும். அடிப்பாதியின் இடது விளிம்பு கட்டைவிரல் கவட்டில் கீல் போல ஊன்றி நிமிர, மேல்பாதி விரல்களோடு வலப்பக்கமாக நழுவி அடியில் போய் உட்காரும். கை சிறியதாக இருந்தால் போக்கர் அளவுச் சீட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் அகலம் 2.5 அங்குலம். பிரிட்ஜ் அளவுச் சீட்டு 2.25 அங்குலம்தான். அந்தக் கால் அங்குலம் சுண்டுவிரலுக்குப் பெரிய விடுதலை.

விரல் வேலையைப் பற்றி இவ்வளவு போதும், அது பழகப் பழக வந்துவிடும். பாஸ் தெரிந்தும் ஆள் முன்னால் செய்யப் பயப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1902-இல் வெளியான ‘தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்’ என்ற புத்தகம் சீட்டு வித்தைக்காரர்களுக்கு வேதம் மாதிரி. எழுதியவர் பெயர் எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ். அது புனைபெயர், ஆள் யாரென்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. பாஸை ‘ஷிஃப்ட்’ என்று அழைக்கும் அவர், கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு செய்தால் எந்த ஷிஃப்டும் ஏதோ நடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும், எத்தனை பெரிய கைகாரர் செய்தாலும் சரி, என்கிறார். வித்தையைக் கரைத்துக் குடித்த மனிதரே இப்படிச் சொன்னபிறகு, கண்ணுக்கே தெரியாத பாஸைத் தேடி நாம் ஏன் வருடங்களைத் தொலைக்க வேண்டும்? கைக்கு வேறொரு வேலை கொடுத்து, அந்த வேலைக்குள் பாஸை ஒளித்துவிடலாம்.

ஸ்பெயினில் அர்த்துரோ தெ அஸ்கானியோ என்றொருவர் இருந்தார். தொழில் வக்கீல், மனசெல்லாம் சீட்டு. ஒரு பெரிய செயலுக்குப் போகும் வழியில் நடக்கும் சின்னச் செயலை யாரும் மனதில் வைப்பதில்லை என்பது அவர் விரிவாக எழுதிய விஷயம். என் பாஸ் அப்படித்தான் வண்டி ஏறுகிறது. சீட்டு திரும்பி வந்ததும் நான் நிமிர்ந்து, “சீட்டு ஞாபகம் இருக்குல்ல அண்ணே?” என்று கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் உடம்பை நோக்கி இழுத்துக் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்கிறேன். கேள்வி கேட்டவன் முகத்தைப் பார்க்காமல் எந்த அண்ணனும் பதில் சொல்லமாட்டார். ‘ஞாபகம்’ என்ற சொல் வாயில் இருக்கும்போதே பாஸ் முடிந்துவிடும்.

இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். முதலில் பாஸே இல்லாமல் இந்தக் காட்சியை நடித்துச் செல்போனில் படம் எடுங்கள். கேள்வி, நிமிர்ந்த முகம், கட்டைச் சரிசெய்யும் கை, எல்லாம் உண்மை, திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பிறகு பாஸோடு எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து, சத்தத்தோடு பாருங்கள். பாஸ் வருகிற இடத்தில் பேச்சு அறுந்து போகும், தோள் அரை அங்குலம் ஏறும், கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுக்கும். திருத்த வேண்டியவை இவைதான். கண்ணாடியை நம்பாதீர்கள். பாஸ் நடக்கும் கணத்தில் பலருக்குத் தன்னையறியாமல் கண் சிமிட்டிவிடும். பிறகு தன் பாஸ் தன் கண்ணுக்கே தெரியவில்லை என்று புளகாங்கிதப்பட வேண்டியதுதான்.

‘இயல்பாக இரு’ என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் டாய் வெர்னன், 1922-இல் ஹூடினியையே திணறடித்தவர். அவரைப் போல அமைதியாக நிற்பது இயல்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பேசும்போது கை சும்மா இருக்காது, அதனால் என் பாஸும் ஆட்டத்தோடுதான் வரும். சாதுவான ஆள் திடீரென்று கட்டை ஆட்டினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். வேகத்தைப் பற்றியும் இதே கதைதான். அர்ஜென்டினாவின் ரெனே லாவாண்ட் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செய்துதான் உலகத்தை வாய் பிளக்கவைத்தார்.

பாஸ் முடிந்ததும் அடுத்த சோதனை வரும். வெற்றிகரமாக முடித்த சந்தோஷத்தில் உடனே மேல் சீட்டைத் திருப்பத் தோன்றும். கூடாது. கட்டை மேஜைமேல் வையுங்கள், காபியை ஒரு வாய் குடியுங்கள், அவர் பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரியுங்கள். இடையில் நேரம் ஓட ஓட, கட்டு உங்கள் கையில் இருந்ததையே அவர் மறந்துவிடுவார்.

நம் வீட்டு விசேஷங்களில் மேடை கிடையாது. சுற்றி நின்று பார்ப்பார்கள், பொடிசுகள் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பாஸுக்கு ஆகாத கோணங்கள். சுவரை ஒட்டி நில்லுங்கள், உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை இடப்பக்கம் வரச்சொல்லி ஒருத்தனிடம் கட்டின் அட்டைப்பெட்டியைப் பிடிக்கக் கொடுத்துவிடுங்கள். இடத்தைவிட்டு நகரமாட்டான்.

அப்படியும் ஒரு சித்தப்பா இருப்பார். கேள்வி கேட்டாலும் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையையே முறைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் பாஸ் வேண்டாம். பிரேக்கை அவர் சீட்டுக்கு அடியில் மாற்றி, கொஞ்சம் அகட்டி அது என்னவென்று ஒரு ஓரப்பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டுக் கட்டை அவரிடமே கொடுத்துக் கலைக்கச் சொல்லுங்கள். நன்றாகவே கலைப்பார். திரும்ப வாங்கி, முகம் மேலே தெரிய விரித்து, ஆர்ட்டின் ஏழையோ கிளாவர் ராணியையோ எடுத்து நீட்டுங்கள். அன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் பேசப்போவது இதைப் பற்றித்தான். நீங்கள் மாதக்கணக்கில் பழகிய பாஸுக்கு அந்த மரியாதை கிடைக்காது, கண்டுகொள்ளாதீர்கள்.