அந்தக் கம்பிக் கட்டு

தம்பி,

நீ அனுப்பிய மூன்று நிமிட அனிமேஷன் படத்தை நான்கு தடவை பார்த்துவிட்டேன். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவன் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, கவரைப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போகிறானே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு தூக்கத்தை நான் வரைந்ததில்லை.

ஆனால் அந்தக் கம்பிக் கட்டு! ரோலிங் மில்லில் அதை அகப்பை மாதிரி எடுத்துத் தோளில் வைக்கிறான். கனத்தைத் தூக்குகிறவன் முதலில் கீழே போவான் தம்பி. கால் அகலும், முழங்கால் மடங்கும், மூச்சு அடங்கும். கட்டு அசைவதற்கு முன் குறைந்தது 12 ஃப்ரேம், அதாவது அரை நொடி, உடம்பு மட்டும் பாடுபட வேண்டும். நீ கையையும் கட்டையும் ஒரே ஃப்ரேமில் கிளப்பிவிட்டாய். இடைப்படங்களைக் கம்ப்யூட்டர் போட்டுத் தரும். இரும்பு கனக்கும் என்று அதற்கு யார் சொல்வது? போதாததற்குப் பாதம் வேறு தரையில் வழுக்குகிறது. சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கிறது எனக்கு.

நான் செல் தாளின் பின்பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த காலம். மூட்டை தூக்கும் ஆளை முதன்முதலாக வரையக் கொடுத்தார்கள். ஸ்டூடியோ பெரியவர் பார்த்தார், கிழித்தார், டீக்குக் காசு கொடுத்துக் கொத்தவால்சாவடிக்கு அனுப்பினார். ஒரு வாரம் அழுகிய கோஸ் நாற்றத்தில் நின்று, மூட்டை இறக்குகிறவர்களின் முழங்காலை மட்டும் வரைந்தேன். இன்றுவரை அதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

இந்த வயதிலும் வரைகிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு 71 தானே! அனிமேட்டர் ராம் மோகனைப் பார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிப்பை விட்டுவிட்டு 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் போனவர். டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். யூனிசெஃபின் கார்ட்டூன் சிறுமி மீனாவுக்கு முகம் கொடுத்தார். 2006-ல், 75 வயதில், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அனிமேஷன் பள்ளி தொடங்கினார். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் படம் 2023-ல் வந்தபோது அவருக்கு 82. எனக்குக் கை நடுங்குகிறது, உண்மைதான். அதனால் இப்போது கிழவர்களாக வரைகிறேன். கோடு தானாகவே சரியாக விழுகிறது.

நீயும் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் ஒரு வாரம் நின்று, சுமை தூக்குகிறவர்களைப் பார். செல்போனில் பிடிக்காதே, நோட்டில் வரை. அந்தக் கம்பிக் கட்டு ஷாட்டை மாற்றும்வரை படத்தை எந்த விழாவுக்கும் அனுப்பாதே. தூங்குகிறவனை மட்டும் தொட்டுவிடாதே.