கத்திரி வெயிலும் குளியல் பொடியும்

அன்புப் பெயர்த்திக்குப் பாட்டியின் ஆசிகள்.

பங்குனிக் கடைசியில் கன்னியாகுமரிக்கு நேர்மேலே வரும் சூரியன், வடக்கு நோக்கி நகர்ந்து, ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அந்த நாளின் உச்சிப்பொழுதில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. அடுத்த சில நாள்களில், மே மாதத் தொடக்கத்தில், பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கும் கத்திரி வெயில் பிறந்து அந்த மாத இறுதி வரை நீடிக்கிறது. சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தை மிகக் குறுகிய தொலைவில் கடந்து வருகின்றன. ஆகவே சருமத்தைக் கறுக்கவும் கன்றவும் வைக்கும் புற ஊதாக் கதிர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத, ஊதா நிறத்துக்கும் அப்பாற்பட்ட கதிர்கள், இந்த வாரங்களில்தான் தமிழ்நாட்டில் மிகுதியாகத் தரையை எட்டுகின்றன. அவற்றின் கடுமையை அளக்கும் குறியீட்டெண் 11-ஐத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது உச்சநிலை. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களின் தெளிந்த நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கம்.

கோடைக்கான சருமப் பராமரிப்பை இயற்கைப் பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொள்ள விரும்பும் பெயர்த்திக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருள் சருமத்துக்கு நல்லதா என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது மட்டுமாக இருப்பதில்லை. அதைப் பூசியவர் அதன்பின் எந்த வெயிலுக்குப் போகிறார் என்பதையும் பொறுத்தது. வீட்டு நிழலில் இருப்பவருக்குக் குளிர்ச்சி தரும் பூச்சு, ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் இளம்பெண்ணுக்குத் தீங்காக முடிவதும் உண்டு.

வெயிலுக்குரிய இயற்கையான காப்புகளில் முதன்மையானவை நிழலும் துணியும்தான். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கின்றன என்பது எவரும் கருவியின்றி அறியக்கூடிய அளவுகோல். அனல் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சம் பெற்றாலும் இந்தக் கதிர்கள் நண்பகலிலேயே உச்சம் பெற்றுவிடுவதால், கடற்காற்று வீசும் இதமான பதினொரு மணி வெயிலை நம்பி நிற்பது பிசகு. கைகளை மூடும் பருத்திச் சட்டை, முகத்தையும் கழுத்தையும் சுற்றிய நெருக்கமான நெசவுள்ள துப்பட்டா, நடக்கையில் குடை ஆகியவை எந்தப் பூச்சையும்விட உறுதியாக வேலை செய்கின்றன. வண்டி ஓட்டும்போது கைப்பிடியைப் பற்றியிருக்கும் புறங்கைகள் முகத்தைவிட அதிகமாக வெயில் வாங்குகின்றன. அவற்றுக்கு உறை வேண்டும்.

துணி மறைக்காத இடத்துக்குச் சன்ஸ்கிரீன் வேண்டும். இந்த ஓரிடத்தில் அடுக்களைப் பொருள்கள் எவையும் ஈடாகா என்பதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். தேங்காயெண்ணெயும் கற்றாழையும் சந்தனமும் வெயிலைத் தடுக்கும் என்று சொல்லப்படுவதை நம்பி அவற்றை மட்டும் பூசிக்கொண்டு வெளியே செல்வோர், காப்பே இல்லாமல் செல்வதாகத்தான் கொள்ள வேண்டும். தாதுப் பொருளையே விரும்புவோருக்குத் துத்தநாக ஆக்சைடு, அதாவது துத்தநாகமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெண்ணிறப் பொடி, கலந்த சன்ஸ்கிரீன் பொருந்தும். வேர்க்குருவுக்குப் பூசும் காலமைன் லோஷனிலும் இருப்பது இதுவே. உறையில் எஸ்.பி.எஃப். 30 என்று அச்சிட்டிருந்தால், கன்ற வைக்கும் கதிர்களில் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே செல்லும் என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு தாராளமாகப் பூசினால் மட்டுமே செல்லும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. வெயிலிலேயே இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

இனி, பெயர்த்தி மிகவும் விரும்பும் குளியல் பொடிக்கு வரலாம். நலங்கு மாவு என்றும் வழங்கும் இப்பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் கட்டித் தரும் பொட்டலத்தில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு ஆகியவற்றோடு, கறுத்துச் சிறுத்த, முகர்ந்தால் காரமான மணம் வீசும் விதை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். அதன் பெயர் கார்போகரிசி. சித்த மருத்துவம் இதை வெண்படைக்கு, அதாவது சருமத்தில் நிறமி அழிந்து வெள்ளைத் திட்டு விழும் நோய்க்கு, நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது; அந்தப் பயனைத் தரும் வேதிப்பொருளைச் சோரலென் என்பர். சோரலென் படிந்த சருமத்தின்மேல் புற ஊதாக் கதிர்களில் ஏ எனப்படும் வகை விழும்போது, அது உயிரணுவின் மரபுப் பொருளோடு பிணைந்து, ஓரிரு நாளில் சிவப்பையும் எரிச்சலையும் சில வேளை கொப்புளத்தையும், பின்னர் மாதக்கணக்கில் மறையாத கருமையையும் உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதே வினையை அளந்த மருந்தும் அளந்த ஒளியும் கொண்டு சிகிச்சையாக்கினார்கள். 1970-களில் காளாஞ்சகப்படை எனும் சொரியாசிஸுக்கும் அது பரவியது. அளவின்றி, கத்திரி வெயிலை விளக்காகக் கொண்டு, அதே வினையைத் தன் முகத்தில் நிகழ்த்திக்கொள்வது ஆபத்து. தேய்த்த உடனே கழுவிவிடும் பொடியில் சிறு அளவு இருப்பதால் எல்லோருக்கும் கேடு வரும் என்பதில்லை என்றாலும், பொடியைக் குழைத்து முகத்தில் காயவிட்டுப் பிறகு வெளியே கிளம்பும் வழக்கம் உள்ளவர்கள் பங்குனி முதல் ஆடி வரை கார்போகரிசி இல்லாத பொடியையே வைத்துக்கொள்வது நல்லது. பொட்டலம் கட்டும்போதே கடைக்காரரிடம் அதை விலக்கச் சொல்லலாம். அரைத்த பொடியாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழியில்லை. முழுப் பொருளாக வாங்கி வெயிலில் உலர்த்தி அரைவை மில்லில் கொடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எலுமிச்சையிலும் இதே ஆபத்து உண்டு. அதன் தோலிலும் சாற்றிலும் சோரலெனுக்கு நெருங்கிய உறவுப் பொருள்கள் உள்ளன. வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்தவர்களின் கையில் சாறு வழிந்த தடமெல்லாம் பழுப்புக் கோடாகத் தங்கிவிடுவதைத் தோல் மருத்துவர்கள் கோடைதோறும் காண்கிறார்கள். கருமையை நீக்கும் என்று எலுமிச்சையைத் தேன் கலந்து முகத்தில் தேய்ப்போர் கருமையை வரவழைத்துக்கொள்கிறார்கள். எலுமிச்சையின் கார அமில அளவெண் ஏறத்தாழ 2. சருமத்தின் மேற்பரப்பிலோ இது 5-ஐ ஒட்டியிருக்கும். இந்த எண் 7-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு புளிப்பு. மேலே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காரத்தன்மை. சருமத்தின் இந்த இளம்புளிப்பு நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுப்பதால், அதைக் குலைக்கும் எதையும் நாள்தோறும் பூசலாகாது. 9, 10 வரை காரத்தன்மை ஏறிய சாதாரணச் சோப்பும் இதில் அடக்கம். வியர்வைக்கு அஞ்சி நாளைக்கு மூன்று முறை உடல் முழுவதும் சோப்புப் போடுவோரின் முழங்காலும் முன்னங்கையும் கோடையிலேயே வெடிப்பதற்கு இது காரணம். குளியல் இரண்டு வேளையும் இருக்கட்டும்; சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்தி, மற்ற இடங்களுக்கு நீரோ பயற்றம்மாவோ போதும்.

பயற்றம்மாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மில்லில் அரைத்த மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று உமித்துகள் தட்டுப்படும். அத்துகள்கள் முகத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கீறுகின்றன. சித்த மருந்து செய்வோர் சூரணத்தை மெல்லிய துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பர். ஏனத்தின் வாயில் மல் துணியை இறுகக் கட்டி, மேலே மாவைப் பரப்பி, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தால் கீழே இறங்குவது மட்டுமே முகத்துக்கு உகந்தது. மேலே தங்கியது பாதத்துக்கும் முழங்கைக்கும் ஆகும். தண்ணீரில் குழைத்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மஞ்சளைப் பொறுத்தவரை, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தைக் கண்டு மகிழ வேண்டாம். நிறம் கூட்டுவதற்கென்று ஈயம் கலந்த சாயத்தை மஞ்சள்பொடியில் சேர்க்கும் வழக்கம் உண்டு, உண்மையான கஸ்தூரி மஞ்சளோ வெளிறிய நிறமும் கற்பூர மணமும் உடையது.

கற்றாழையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பக்குவம் தெரிந்திருந்தால். மடலை அறுத்தவுடன் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் கசியும். அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவது அந்தப் பால்தான். அறுத்த முனை கீழே இருக்கும்படி மடலைக் கிண்ணத்தில் கால் மணி நேரம் சாய்த்து வைத்து, பால் வடிந்தபின் முள்ளையும் தோலையும் சீவி, உள்ளிருக்கும் நுங்கு போன்ற சோற்றை ஏழு முறை நீரில் அலசுவது முன்னோர் கண்ட முறை. கசப்பும் வழுவழுப்பும் குறைந்த அந்தச் சோறு, வெயிலில் கன்றிய சருமத்தின் எரிச்சலைத் தணிக்கும்.

பெயர்த்தி வேலூரில் வளர்ந்து இப்போது சென்னையில் வேலை செய்வதால், ஊருக்கு ஏற்பப் பழக்கத்தை மாற்றிக்கொள்வதும் அவசியமாகிறது. வேலூரின் வறண்ட அனலில் வியர்வை உடனே காய்ந்துவிடும். குளித்துத் துவட்டிய ஈரம் ஆறும் முன்பே சில துளி தேங்காயெண்ணெயைக் கைகால்களில் தடவுவது அங்கு நன்மை செய்தது. சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. ஊறிய மேல்தோல் வியர்வை நாளங்களின் வாயை அடைக்க, உள்ளே தேங்கிய வியர்வை தோலுக்குள் கசிந்து வேர்க்குருவாகிறது. இந்த ஊரில் எண்ணெயும் கெட்டியான கிரீமும் அடைப்பைக் கூட்டும். வேர்க்குருவுக்கு மருந்து குளிர்ச்சியும் காற்றோட்டமும் தளர்ந்த பருத்தி உடையும். நுங்கின் நீரையோ இழைத்த சந்தனத்தையோ தடவினால் இதமாக இருக்கும், நாளத்தின் அடைப்பு நீங்குவதோ உடல் குளிர்வதால்தான். பவுடரை அப்புவது பயன் தராது.

எண்ணெய்க் குளியலை விட்டுவிட வேண்டியதில்லை. நல்லெண்ணெய் தேய்த்த பின் வெந்நீரில் குளிக்கச் சொல்லும் பழைய விதிக்குப் பொருள் உண்டு: வெதுவெதுப்பான நீரும் சீயக்காயும் இருந்தால்தான் எண்ணெய் முழுதும் இறங்கும். கோடைக்கு வாரம் ஒருமுறை, அரை மணி நேர ஊறல், அதுவும் வெளியே செல்லாத நாளில், என்று வைத்துக்கொள்வது பொருந்தும். மார்பிலும் முதுகிலும் தேமல் தோன்றியிருந்தால் அந்த இடங்களில் எண்ணெய் படவே கூடாது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது.

கோடை முடிகையில் முகமும் கையும் கறுத்துவிட்டனவே என்று பெண்கள் வருந்துவது பாட்டியை வருத்துகிறது. மேல்தோலின் உயிரணுக்களில் நிறமித் துணுக்குகள் உட்கருவுக்கு மேலே ஒன்றுகூடி, வெயில் விழும் பக்கத்தில் குடை விரித்தாற்போல் அதை மறைத்து நிற்கின்றன. கருமை என்று பழிக்கப்படுவது இந்தக் காவலையே. வெயிலைக் குறைத்துக்கொண்டால், மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள எடுக்கும் நாலு வாரமும் அதற்கு மேலும் சில வாரங்களும் கழிய, கூடுதல் கருமை தானே உதிர்ந்துவிடும். அதற்குப் பொறுமையின்றி, மூலிகைக் கிரீம் என்ற பெயரில் தயாரிப்பாளர் முகவரிகூட இல்லாமல் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளை நாடுவோர் பாதரசத்தைப் பூசிக்கொள்ள நேரலாம். பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுத்து ஒரே வாரத்தில் வெளுப்பைக் காட்டும்; சருமத்தின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களுக்கு 2020 முதலே தடை விதித்தது. இயற்கையான எதுவும் ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்காது. வெளுத்தால் அந்தக் களிம்பை அன்றே நிறுத்திச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

புதிய பொருள் எதுவாயினும், சந்தனமே ஆயினும், முழங்கையின் உள்மடிப்பில் சிறிதளவு தடவி இரண்டு நாள் பார்த்த பின்பே முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரை தோன்றினால், வேப்பிலையை அரைத்துப் பூசி நாளைக் கடத்தாமலும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடாமலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தக் களிம்பு முதல் வாரத்தில் அரிப்பை அடக்கி, அதன் மறைவில் பூஞ்சையை உடலெங்கும் பரவவிடும். குடும்பத்தில் மற்றவருக்கும் இருந்தால் எல்லோரும் ஒரே வேளையில் மருந்து எடுத்துக்கொள்வதும், துண்டையும் உள்ளாடையையும் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துவதும் சிகிச்சையின் பகுதியே.

ஆசிகளுடன்,
பாட்டி