அம்மாவிடமும் பேச வேண்டும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் தோழியின் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். மாத்திரை கொடுக்கிறார்களே, அப்புறம் அத்தை மாதிரி உளவியலாளருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டிருந்தாய்.

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் பொறுப்பு. அவசியமானதும்கூட. ஆனால் மருந்தோடு அவன் திரும்பிப் போவது ஒரு வீட்டுக்கு. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைகளிலும் உடன்பிறந்தோர் வீடுகளிலும் தங்கியவர்கள் தேறியிருந்தார்கள்! பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. ஓயாத குறைகூறலும் வெறுப்பும் மூச்சுமுட்டவைக்கும் அக்கறையும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

இதை வைத்துக் குடும்பத்தைக் குற்றவாளியாக்கிவிடாதே. நோயை அவர்கள் உண்டாக்கவில்லை. "பத்து மணி வரைக்கும் தூங்குறான், சோம்பேறி" என்று திட்டும் அம்மாவிடம், அந்தச் சோர்வு நோயின் ஒரு பகுதி, சில சமயம் மருந்தின் விளைவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்தால் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

நான் முதலில் அவனோடு தனியாகப் பேசுவேன். அதில் எதை வீட்டாரிடம் சொல்லலாம் என்று அவனையே கேட்பேன். பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பேன். எழுந்திரு, குளி, வேலை தேடு என்று அடுக்காமல், "ஒன்பது மணிக்கு என்னோட காபி குடிக்க வாப்பா" என்று ஒன்றே ஒன்றை அம்மா கேட்கட்டும். என் முன்னாலேயே சொல்லிப் பார்க்கச் செய்வேன். அம்மா சரியாகத் தூங்குகிறாரா என்றும் விசாரிப்பேன். அவரை அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பெரும்பாலும் அழுதுவிடுவார்.

வீட்டில் அடிதடி இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். பாதுகாப்புதான் முதலில்.

வீட்டாரைச் சிகிச்சைக்குள் அழைத்துவருவது நம் நாட்டில் புதிதல்ல. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு அவர்களைத் தங்கவைத்தார் டாக்டர் வித்யா சாகர். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் தங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தோழியிடம் 14416 என்ற எண்ணைக் கொடு. டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநல உதவி, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அண்ணன்தான் பேச வேண்டும் என்றில்லை, அம்மாவே அழைக்கலாம்.

அன்புடன்,
அத்தை