காவலும் விரைவும்

பயிரிட்ட உழவன் வேலியும் இடுகின்றான். வேலிக்குக் கழியும் முள்ளும் வேண்டும். அதனை அமைக்க நாளும் செல்லும். ஆயினும், அதனை வீண்செலவென்று விடுத்தவன் அறுவடைக் காலத்தில் வருந்துதல் திண்ணம். வயலுக்குரிய இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறி நேரே உணராது. அதனைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி எனப்படும். நிரல் கையாளும் எண்களும் எழுத்துகளும் நினைவகத்தில் வரிசையாக அமைந்த அறைகளில் வைக்கப்பெறும். பத்து அறைகளே உள்ள வரிசையில் பதினோராம் அறையை நாடுமாறு நிரல் பிழைபட அமைந்துவிடின், பொறி வேறொன்றன் இடத்திற் புகுந்து அங்குள்ளதைப் படிக்கும், அன்றி அழிக்கும். இதனைத் தடுக்க, “இவ்வறை எல்லைக்குள் உள்ளதா?” என ஒவ்வொரு முறையும் ஆராயும் கட்டளையைத் தொகுப்பியே சேர்த்துவிடலாம். அவ்வாராய்ச்சிக்குச் செல்லும் காலம் மிகச் சிறிது. ஆயினும், கோடிமுறை நிகழுங்கால் அதுவே பெரிதாகும். காவலா, விரைவா என்னும் வழக்கு இங்ஙனம் எழுந்தது.

இங்கிலாந்தில் எலியட் சகோதரர் நிறுவனத்தில் 1960ஆம் ஆண்டு பணியேற்றவர் டோனி ஹோர் என்னும் அறிஞர். அவர் அல்கால் 60 என்னும் மொழிக்குத் தொகுப்பி அமைத்தபொழுது, எல்லைச் சோதனையை அதில் கட்டாயமாக்கினார். அக்காலப் பொறிகளோ விரைவிற் குறைந்தவை. பல ஆண்டுகளுக்குப் பின், “விரைவின் பொருட்டு இச்சோதனையை நீக்கிக்கொள்ள வசதி வேண்டுமா?” என வாடிக்கையாளரிடம் வினவினர். அவர்கள் அனைவரும் ஒருமுகமாக வேண்டா என்றனர். பிழைகள் எத்துணை மிகுதியாக நேரும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். 1980ஆம் ஆண்டு டூரிங் பரிசு பெற்ற ஹோர், தம் பரிசுப் பேருரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

பின்னர் அமெரிக்காவில் டென்னிசு ரிச்சி ஆக்கிய சி மொழி, விரைவை நாடி, எல்லை காக்கும் பொறுப்பை நிரல் எழுதுவோரிடமே விட்டது. அதன் விளைவு பெரிதாயிற்று. 1988ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 512 எழுத்துகளுக்கே இடமிருந்த ஓரிடத்தில் அளவுமீறி எழுதும் சூழ்ச்சியையும் ஒரு வழியாகக் கொண்டு, தீய நிரலொன்று ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளிற் புகுந்தது. 2014ஆம் ஆண்டில், மறைபொருளைக் காத்தற்கென்றே அமைந்த ஓபன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் ஒரு குறை வெளிப்பட்டது. வந்த செய்தி தன் நீளமெனக் கூறிய அளவை அது சரிபாராமல் நம்பியமையால், நினைவகத்திலுள்ள மறைசொற்களும் அயலார்க்குப் புலப்படலாயின. ஒரு சிறு சோதனையே அக்குறையைத் தீர்க்கப் போதியதாயிற்று.

காவலின் செலவைக் குறைக்கவும் அறிஞர் வழி கண்டனர். எல்லை மீறாதென்பது முன்னரே உறுதிப்படும் இடங்களில், தொகுப்பி சோதனையைத் தானே நீக்கிவிடும். 1998ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொரு முறையில், திரும்பும் வழியைக் குறிக்கும் எண்ணுக்கு முன்னே ஒரு காவலெண் வைக்கப்பெறும். அளவுமீறிய எழுத்து அதனைச் சிதைத்தால், பொறி பணியை நிறுத்திவிடும். சுரங்கத்தில் நச்சுக்காற்றை முன்னறிவித்த கானரிப் பறவையின் பெயரே இதற்கு அமைந்தது. இதன் செலவு சிறிது. ஆனால் காவலும் குறைவே. எழுதுதலை இது ஓரளவு காட்டிக்கொடுக்கும். களவாகப் படித்தலைக் காணாது.

ஆகவே, செலவை அளந்தறிந்து, காவல் வேண்டும் இடத்தைத் தேர்தலே அறிவுடைமை. காவலை நீக்கிப் பெறும் விரைவு கண்முன் தோன்றும்; அதனால் வரும் இழப்போ பின்னரே தோன்றும். முன்னதைக் கண்டு பின்னதை மறத்தல் பேதைமையாகும்.