அடுப்படிக் கேள்விகள்: கல்லும் சாந்தும்

ஒரு மீட்டர் அகலத்தில் விறகு ஓவன் கட்டுகிறேன். உள்ளூர்க் கடையில் ஃபயர் பிரிக் 45 ரூபாய். வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கித் தருகிறார்கள். கோவையில் 38 ரூபாய். கோவைக்கே போகலாமா?
- பொள்ளாச்சி வாசகர்

38 ரூபாய் கடை வாசலிலா, உங்கள் வீட்டு வாசலிலா? 230க்கு 115க்கு 75 மி.மீ. கல் ஒன்று ஏறக்குறைய 4 கிலோ. தளம், டோம், வாய் வளைவு, வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 150 கல் பிடிக்கும். அதாவது 600 கிலோ, ஒரு குட்டி யானை லோடு. மிச்சமாகும் 1,050 ரூபாயை வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் தின்றுவிடும். ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள். கையோடு ஒரு டேப் கொண்டுபோங்கள். விலை குறைந்த கல் பல சமயம் 65 மி.மீ. கனம்தான் இருக்கும்.

40 சதவீத அலுமினா கல்லா, 70 சதவீதமா? எங்கள் ஊரிலேயே மாக்னசைட் கல்லும் கிடைக்கிறதே?
- சேலம் வாசகர்

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. மாக்னசைட் கல் 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கும் எஃகுக்குப் பக்கத்தில் நிற்கச் செய்தது. உங்கள் பீட்சாவுக்கு 450 டிகிரி போதும். அந்தக் கல் சூட்டை வேகமாகக் கடத்தும். மேலே சீஸ் உருகுமுன் அடிப்பக்கம் கரிந்துவிடும். 70 சதவீத அலுமினாவுக்கும் ஓரளவு அதே குணம்தான். ஐ.எஸ். 8 முத்திரையுள்ள சாதாரண ஃபயர் பிரிக்கே உங்களுக்கு அதிகம். பழைய பேக்கரி அடுப்புகள் பல வெறும் செங்கல்லில் ஓடியவை.

அலுமினா சதவீதம் கேட்கிற யாரும் தளத்துக்கு அடியில் என்ன போடுவது என்று கேட்பதில்லை. கான்கிரீட் மேல் நேராகக் கல்லைப் பதித்துவிட்டு, விறகு வண்டி வண்டியாகப் போகிறதே என்று புலம்புகிறார்கள். நீங்கள் எரிக்கும் விறகில் நல்ல பங்கு அந்தக் கான்கிரீட்டைச் சூடாக்கத்தான் போகிறது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு வெர்மிகுலைட் கலந்து நான்கு அங்குலம் போடுங்கள். அதன் மேல்தான் கல். டோமுக்கு வெளியே ஓரங்குல செராமிக் பிளாங்கெட் இரண்டு சுற்று. அதை வெட்டும்போது மாஸ்க் கட்டாயம். கல்லில் மிச்சம் பிடித்து இதில் செலவழியுங்கள்.

சிமெண்டும் மணலும் போதும் என்கிறார் கொத்தனார்.
- திண்டுக்கல் வாசகி

வீட்டுச் சுவருக்குப் போதும். 400 டிகிரியைத் தாண்டினால் சிமெண்டின் பிடி தளர்ந்து, சாந்து உதிர ஆரம்பிக்கும். மூட்டையில் வரும் ஃபயர் கிளே சாந்திலும் ஏமாறாதீர்கள்: 'ஹீட் செட்டிங்' என்றால் ஆயிரம் டிகிரிக்கு மேல்தான் அது இறுகும், உங்கள் ஓவனில் கடைசிவரை மண்ணாகவே இருக்கும். 'ஏர் செட்டிங்' என்று கேட்டு வாங்குங்கள். விலை கட்டாவிட்டால் மணல் 3, நீற்றிய சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1, சிமெண்ட் 1. இதில் சிமெண்டின் வேலை கட்டும்போது கல்லைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே. பிறகு தாங்குவது சுண்ணாம்பும் களிமண்ணும். உள்பக்க இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கொத்தனார் அரை அங்குலம் அப்பப் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

தளக் கல் பதிக்க எத்தனை கிலோ சாந்து?
- ஓசூர் வாசகர்

ஒரு கிலோகூட வேண்டாம். சாந்தில்லாமல் நெருக்கி அடுக்குங்கள். நாளைக்கு ஒரு கல் உடைந்தால் எப்படி மாற்றுவீர்கள்?

முதல் வாரமே டோமில் மயிரிழை வெடிப்பு. இடித்துக் கட்ட வேண்டுமா?
- காரைக்குடி வாசகி

வேண்டவே வேண்டாம். சூட்டில் கல் விரியும், ஆறினால் சுருங்கும். மயிரிழை விழாத ஓவன் அபூர்வம். நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றால் மட்டும் எழுதுங்கள். ஈரம் முழுதும் போகும்வரை சுள்ளித் தீ மட்டும் போடுங்கள்.

சிமெண்ட் ஆலைச் சூளையில் கழித்த கல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?
- அரியலூர் வாசகர்

கூடாது. சூளைக் கற்களில் குரோமியம் கலந்த வகை உண்டு. சூளையில் வெந்த பிறகு அதில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ரொட்டி வைக்கும் தளத்துக்கு அந்தக் கல் ஆகாது. வாங்கிவிட்டிருந்தால் உடைக்காமல், வெட்டாமல், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.